எவ்வளவு கொடுக்கும்

ஆரஞ்சு அலர்ட் சிவப்பானது.
விஜயநகர் முழுக்க ஷட்டர் ஏறும் சத்தம்,
ரிவர்ஸ் எடுப்பவர்களின் பீப் பீப்.
போன தடவை பட்டவர்கள் நாங்கள்.
பட்டவர்களுக்குப் பாலம் தெரியும்.

என் ஆல்டோவுக்குக் கடைசித் தவணை கட்டிப்
பதினாறு நாள்.
பேங்க் கொடுத்த கடிதம்
கவர் பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடக்கிறது.

எதிர்வீட்டு இம்தியாஸ் பாய் உறையை உருவினார்.
அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸ்டாங்.
எங்கள் தெருவுக்கு அது பாதி வதந்தி.
வருஷத்தில் இரண்டு ஞாயிறு, விடியுமுன்,
முட்டுக்காடு வரை போய்த் திரும்பும்.
ஒரு வாரம் ஜன்னல் கம்பிகள் அதையே பேசும்.
எட்டு சிலிண்டர்.
ஐயாயிரத்து எண்ணூறு சிசி.
அதில் அந்தக் கடைசி எண்ணூறுதான்
என் வண்டி மொத்தமும்.

சாவியைத் திருப்பினார்.
க்ளிக்.
மறுபடி.
க்ளிக்.
தண்ணீர் கணுக்கால் வரை வந்து
நின்று வேடிக்கை பார்த்தது.

"பேட்டரி," என்றார் எங்கோ பார்த்து,
பந்தியில் வேட்டி நழுவியவர் போல.

கேபிள் என்னிடம் இருந்தது.
சின்ன வண்டிக்காரர்களிடம் எல்லாம் இருக்கும்:
கேபிள், கயிறு, பழைய துண்டு,
டோலுக்குச் சில்லறை, கொஞ்சம் பயம்.

சிவப்புக்குச் சிவப்பு.
கறுப்பு, பெயின்ட் இல்லாத இரும்பில்.
பத்து நிமிஷம் என்னுடையதை உறுமவிட்டேன்.
உறுமல் என்று சொல்லக்கூடாது,
அடுத்த வீட்டில் சட்னி அரைபடும் சத்தம்.
இரண்டு தடவை ஒன்றுமில்லை.
மூன்றாவதில்
எழுந்தது.

என் மார்க்கூட்டுக்குள் யாரோ பீரோவை நகர்த்தினார்கள்.
நான்கு கார்களின் அலாரம் ஒன்றாய் அலற
மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை கைதட்டியது.
அழகுதான், ஒப்புக்கொள்கிறேன்.
அந்த நொடியில் என் பொறாமை எத்தனை சிசி என்று
எந்த ஆர்டிஓவாலும் எழுத முடியாது.

பாலத்தில்
கைப்பிடிச்சுவரை ஒட்டி என் வண்டி.
அதன் வலப்பக்கம், இரண்டாம் வரிசையில், அவருடையது.
அமெரிக்க ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால்
என் ஜன்னலும் அவர் ஜன்னலும் முகத்துக்கு முகம்.
ஃபிளாஸ்க் போனது, முறுக்கு வந்தது.
நனைந்தது இரண்டு கைகள் மட்டும்.

பதினோரு வருஷம் புதுப்பேட்டையில் பொறுக்கியதாம்.
முகப்பு விளக்கு ஒரு அம்பாசடரின் கண்.
ரேடியேட்டர், ஏதோ மினி லாரியின் நுரையீரல்.
இருக்கையின் தையல் பாய் கையாலேயே.
வைப்பர் மோட்டார்…
நிறுத்தி, முறுக்கை மென்று முடித்தார்.
"உன் வண்டியோடதுதாம்மா. ஆல்டோ."

வரும் வழியெல்லாம் என் கண்ணாடியில்,
பின்னால் வந்தது கண்ணைத் துடைத்துக்கொண்ட விதம்
ஏன் அத்தனை பழக்கமாய் இருந்ததென்று
அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்கு ஒரு போலீஸ்காரர்.
ஃபைன் போடத்தான் வந்தார்.
டார்ச்சை மஸ்டாங்கின் மூக்கிலிருந்து வால் வரை
மெல்ல நடத்திப் போனார்,
திரும்பி அதே வழியில் கூட்டி வந்தார்.
பிறகு கேட்டார்,
இந்த ஊரில் எந்த வண்டியைப் பார்த்தாலும்
கேட்கப்படும் அந்த ஒன்றை:

"எவ்வளவு சார் கொடுக்கும்?"

"நாலு," என்றார் பாய், மழைக்கு மட்டும் கேட்கும்படி.
யாரும் கேட்காமலே நான் சொன்னேன்,
"இருபத்திரண்டு. ஏசி போடாம."

அவர் தலையாட்டினார்,
மாசக் கடைசியில் மளிகைச் சீட்டைப் பார்ப்பவர் மாதிரி.
தலை என் பக்கம் ஆடியது.
வெளிச்சம் மட்டும் அங்கேயே நின்றது.
ரசீதுப் புத்தகம் மழைக்கோட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

விடிந்தபோது தண்ணீர் முழங்கால் அளவில் நின்றுவிட்டதாகச் செய்தி.
மதியத்துக்குள் தெரு தெரிந்தது.
பாய் சாவியைக் கையில் வைத்திருந்தார்,
திருப்பவில்லை.
ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.

நான் ஏற்கெனவே
பானட்டைத் திறந்திருந்தேன்.